எல்லைக்கு இந்தப் பக்கம் அச்சான செய்தி

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், முத்தியால்பேட்டை தாண்டியதும் தமிழ்நாடு வந்துவிடும். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் கடந்து பிள்ளைச்சாவடி, காலாப்பட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தால் மறுபடியும் புதுச்சேரி. இன்று பேருந்து நிற்காமல் ஓடிவிடுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் அது இரண்டு பேரரசுகளின் எல்லை. நகரத்துக்கும் வடக்கே கடலோரத்துப் பிரெஞ்சுக் கிராமங்களுக்கும் நடுவில் பிரிட்டிஷ் மண். பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி ஒட்டுமொத்தமாக ஒரே நிலமாக இருந்ததில்லை; துண்டு துண்டாகக் கிடந்தது. தமிழில் அரசியல் பத்திரிகை வளர்ந்த கதையில் இந்த எல்லைக்கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1908ஆம் ஆண்டு சென்னையில் எழுதுகிறவர்களுக்குக் கெட்ட காலம். ஜூலையில் வ.உ.சி.க்குத் தண்டனை. 'சுதேசமித்திர'னைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகஸ்டில் கைது. அதே மாதம் 'இந்தியா' வாரப் பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசனையும் பிடித்தார்கள், அவருக்கு ஐந்து ஆண்டு தண்டனை விழுந்தது. பத்திரிகையை உண்மையில் எழுதி நடத்திவந்தவர் சுப்பிரமணிய பாரதி. நண்பர்கள் வற்புறுத்த அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே மண்டயம் திருமலாச்சாரியார் முயற்சியில் அச்சு யந்திரமும் வந்தது. அக்டோபரில் 'இந்தியா' மறுபடி வெளிவரத் தொடங்கியது.

இது சாத்தியமானதற்குக் காரணம் யாருடைய கருணையும் அல்ல, சட்டம். பிரான்சில் 1881 ஜூலை 29 அன்று நிறைவேறிய பத்திரிகைச் சட்டம் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும். பத்திரிகை தொடங்க யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டாம், பிணைப்பணம் கட்ட வேண்டாம். பெயரையும் அச்சகத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு அச்சடிக்கலாம். ஒரு நிபந்தனை: சட்டப்படிப் பொறுப்பேற்பவர் பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டும். ஆகவே அடைக்கலம் வந்தவர்கள் எழுதினாலும் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட உள்ளூர்க்காரர் ஒருவர் தேவைப்பட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். 1908 ஜூனில் வந்த சட்டம் அச்சகத்தைப் பறிமுதல் செய்ய மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. 1910 பிப்ரவரியில் வந்த சட்டம் புதிய அச்சகத்திடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணை கேட்டது. அன்றைக்கு அந்தப் பணம் ஒரு சிறு அச்சகத்தையே விழுங்கிவிடும்.

'இந்தியா'வில் என்ன இருந்தது? முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கமான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அதோடு பெரிய கருத்துப்படம். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தை நிலைநிறுத்தியது 'இந்தியா'தான். தலையங்கத்தைப் படித்து முடிக்க முடியாதவரும் படத்தைப் பார்த்தால் யார் யாரை ஏய்க்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். படம் மட்டும் போட்டுவிட்டு வாசகனே கண்டுபிடிக்கட்டும் என்று விடவில்லை; கூடவே விளக்கமும் எழுதினார்கள். எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த நாட்டில் அரசியலைச் சந்தைக்கும் திண்ணைக்கும் கொண்டுபோக இதைவிட நல்ல வழி அப்போது இல்லை. பாரதியைக் கவிஞர் என்று கொண்டாடுகிறோம், சரி. வரவு செலவும் வரியும் வைஸ்ராயின் பேச்சும் தன் வீட்டுச் சமாசாரம் என்று தமிழ் வாசகனுக்கு உணர்த்திய பத்திரிகைக்காரர் பாரதிக்கு நாம் இன்னும் உரிய இடம் தரவில்லை.

அச்சகத்தைத் தொட முடியாத பிரிட்டிஷ் அரசு வேறு இடத்தில் கை வைத்தது. பத்திரிகையின் வாசகர்கள் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் சென்னை, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கம் இருந்தார்கள். புதுச்சேரியிலேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையம் ஒன்று இருந்தது; சந்தாதாரருக்குப் பத்திரிகை போவதும், அவர்கள் அனுப்பும் மணியார்டர் வருவதும் அந்தத் தபால் வழியாகத்தான். 1910 சட்டம் சந்தேகத்துக்குரிய பொட்டலங்களைத் தபாலிலேயே நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. பிரதியும் போகவில்லை, பணமும் வரவில்லை. அந்த மார்ச் மாதத்தோடு 'இந்தியா' நின்றது. எழுதும் உரிமை முழுதாக இருந்த ஊரில், வாசகன் கைக்கு எட்டாததால் ஒரு பத்திரிகை செத்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்றால் ஆசிரியர் அறையை மட்டுமே நினைக்கிறோம். கட்டைப் பிரித்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறவனிடமும் அதில் பாதி இருக்கிறது.

'விஜயா' என்று ஒரு நாளிதழும் இங்கிருந்து வந்தது. 'சூரியோதயம்', 'கர்மயோகி' எல்லாம் அதே காலத்தவை. எதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 'விஜயா' இதழ்கள் பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலில் பாரிசில் கிடைத்தன.

1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு நெருக்கடி முற்றியது. புதுச்சேரியில் தங்கும் அந்நியர்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஐவரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கித் தர வேண்டும் என்று விதி வந்தது. ஒற்றர்கள் தெருமுனையில் காத்திருந்த காலம் அது. கையெழுத்துப் போடுகிறவர்களும் வம்பில் மாட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தும், வணிகர் கலவை சங்கரச் செட்டியார் ஐந்து கையெழுத்துகளையும் வாங்கிக் கொடுத்தார். செய்தி வரலாற்றில் இப்படிப்பட்டவர்களின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. 'இந்தியா'வின் பார்வை பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்சியின் மேல்தான் இருந்தது. காலடியில் இருந்த ஊருக்கும் அரசியல் இருந்தது. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிவந்தது. 1880இல் நகரசபைகளும் வந்தன. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் கனவில்கூடக் கிடைக்காத வாக்குரிமை அது. கிடைத்ததை அடியாட்களும் கள்ள ஓட்டும் கொண்டுபோயின. அடைக்கலம் வந்தவர்கள் வீட்டுக்காரரின் சண்டையில் தலையிடத் தயங்கியிருந்தால் அது புரிந்துகொள்ளக்கூடியதே. இழப்பு உள்ளூர் வாசகனுக்கு.

அந்த இடத்தை நிரப்ப வந்தது 1934 ஜூனில் வ. சுப்பையா தொடங்கிய 'சுதந்திரம்'. அப்போது அவருக்கு வயது 23. சுப்பையாவின் பத்திரிகை பேசியது இந்த ஊரின் பஞ்சாலைகளைப் பற்றி: சவானா, ரோடியர், கப்ளே ஆலைகளில் வேலை நேரம், கூலி, சங்கம் வைக்கும் உரிமை. பிரான்சில் தொழிலாளிக்கு இருந்த உரிமை புதுச்சேரித் தொழிலாளிக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. பத்திரிகை ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தன் ஆலையில் நடப்பது அரசியல், அதற்குச் சட்டத்தில் பதில் உண்டு என்று தொழிலாளி அறிந்துகொள்ள ஒரு தாள் வேண்டியிருந்தது.

1947க்குப் பிறகு செய்தியின் திசையே மாறியது. சுதந்திர இந்தியாவில் அச்சான பத்திரிகைகள் இணைப்புப் போராட்டச் செய்தியோடு பிரெஞ்சு எல்லைக்குள் வந்தன. 1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடு கொளுத்தப்பட்டது. இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949இல் மக்கள் நேரடியாக வாக்களித்து இந்தியாவோடு சேர முடிவு செய்திருந்தார்கள். புதுச்சேரிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகளில் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பிள்ளைச்சாவடி மீனவருக்கும் முத்தியால்பேட்டை நெசவாளிக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை. தங்கள் நாடு எது என்று முடிவானதை அவர்கள் செய்தியாகத்தான் கேட்டறிந்தார்கள்.