கடாரத்துக் கல்லும் கணினித் தருக்கமும்



மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த விதி இது. இப்போது ஒருவர் வந்து, "இன்று மரம் வெட்டு இல்லையாம், அப்படியானால் மழை பெய்திருக்க வேண்டும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? சரியன்று. அன்று தீபாவளி விடுமுறையாக இருக்கலாம். வேலை நிறுத்தமாகவும் இருக்கலாம். விதி உண்மைதான், அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

சரியான முடிவையும் தவறான முடிவையும் இப்படிப் பிரித்துக் காட்டும் கலைக்குத் தருக்கம் என்று பெயர். வாக்கியங்களுக்குப் பதிலாக எழுத்துகளையும் குறிகளையும் இட்டு அதைச் செய்தால் அது குறியீட்டுத் தருக்கம். இன்று அதனைக் கணினியின் துணையோடு பயிலலாம். எங்கோ தொலைவில் பிறந்த படிப்பு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். நம் பழைய கடாரத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு.

1834ஆம் ஆண்டில் காப்டன் ஜேம்ஸ் லோ என்னும் கும்பெனி அதிகாரி, செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். 1800ஆம் ஆண்டில் கும்பெனியின் கைக்குப் போகும்வரை அந்த வட்டாரம் கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்தது. கல்லில் உள்ள எழுத்து பல்லவர் கால எழுத்தை ஒத்தது. காலம் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு. புத்தகுப்தன் என்னும் பெருங்கப்பல் தலைவன், தன் பயணம் நலமாக முடிய வேண்டி அதைப் பொறிக்கச் செய்தான்.

அக்கல்லில் பௌத்தக் கருத்து ஒன்று நான்கு படிகளாக உள்ளது. அறியாமை இருந்தால் வினை சேரும் என்பது முதற்படி. வினைதான் பிறப்புக்குக் காரணம் என்பது இரண்டாம் படி. அறிவு வந்தால் வினை சேராது என்பது மூன்றாம் படி. வினை இல்லையேல் பிறப்பும் இல்லை என்பது நான்காம் படி. கெடாவின் புக்கிட் மெரியத்தில் கிடைத்த கல்வெட்டிலும் இதே கருத்து காணப்படுகிறது.

இதை நாம் குறியீட்டில் எழுதிப் பார்ப்போம். அறியாமைக்கு அ, வினைக்கு வ, பிறப்புக்கு ப என்று வைத்துக்கொள்வோம். அ → வ. வ → ப. இவ்விரண்டிலிருந்தும் அ → ப என்ற முடிவு தானே வருகிறது. ஆனால் "அ இல்லையேல் ப இல்லை" என்ற முடிவு இவற்றிலிருந்து வராது. மழை இல்லாத நாளெல்லாம் மரம் வெட்டு உண்டு என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். ஆகவேதான் மூன்றாம் படியும் நான்காம் படியும் தேவைப்படுகின்றன. கல்லில் அவை தனியே சொல்லப்பட்டிருக்கின்றன. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளும் வேலை அங்கே இல்லை.

தமிழிலும் இக்கலை செழித்திருந்தது. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கமே கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ உண்டு. அடுக்களையில் நாம் காண்பது போல என்பது அங்கு வரும் எடுத்துக்காட்டு. போலியான காரணங்கள் எவை என்பதையும் அக்காதை வகைப்படுத்துகிறது.

தருக்கத்தைக் கணக்குப் போல எழுதிக் காட்டியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன்; பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர்; தாமே முயன்று கற்றவர். 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள் புதுவழி திறந்தன. 1937ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், மின் இணைப்பின் திறப்பும் மூடலும் பூலின் கணக்குப்படியே நடக்கக்கூடும் என்று காட்டினார். கணினிச் சில்லுகள் யாவும் அந்த அடிப்படையில் இயங்குகின்றன. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் நம்மவர் பிள்ளைகள் சில்லுத் தொழிற்சாலை வேலைக்குப் போகும்போது, பூலின் தருக்கத்தின் அருகில்தான் நிற்கிறார்கள்.

தருக்கத்தால் இயங்கும் கணினியைக் கொண்டே தருக்கத்தைக் கற்பிக்கலாம் அல்லவா? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பிஸ் 1963ஆம் ஆண்டில் அம்முயற்சியைத் தொடங்கினார். 1972ஆம் ஆண்டிலிருந்து அங்கே தொடக்கத் தருக்கப் பாடம் கணினி வழியே நடந்தது. மாணவர் ஒரு வரியை எழுதி, எந்த விதியால் அது வந்தது என்பதையும் குறிப்பிடுவார். விதி பொருந்தினால் கணினி ஏற்கும், பொருந்தாவிட்டால் மறுக்கும். ஒரே விடையை மனத்தில் வைத்துக்கொண்டு அது திருத்துவதில்லை; எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு படியையும் சோதிக்கும். பின்னர் ஜான் பார்வைஸ், ஜான் எட்செமெண்டி இருவரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடநூலோடு மென்பொருள்களும் வந்தன. அவற்றுள் ஒன்றுக்குப் பூல் என்றே பெயர். உண்மைப் பட்டியல் போட்டுப் பழக உதவுவது அது.

உண்மைப் பட்டியல் என்றால் என்ன? மழை உண்டு, இல்லை. வெட்டு உண்டு, இல்லை: மொத்தம் 4 நிலைகள். அவற்றுள் மழையும் பெய்து வெட்டும் நடந்த ஒரு நிலை மட்டுமே நம் விதியை மீறுகிறது. மற்ற மூன்றும் விதிக்கு உட்பட்டவை. மழையும் இல்லை, வெட்டும் இல்லை என்ற நிலையும் அவற்றுள் ஒன்று. இதற்குக் கணினி கட்டாயமில்லை. பென்சிலும் பழைய நோட்டும் போதும். கணினி இருந்தால், பிழையை உடனே காட்டும் ஆசிரியர் பக்கத்தில் இருப்பது போலாகும்.

ஒன்றை நாம் மறக்கக் கூடாது. படிகள் பொருந்துகின்றனவா என்பதைத்தான் கணினி சோதிக்கும். தொடக்கத்தில் வைத்த கூற்று உண்மையா என்பதை அது அறியாது. அதை அடுக்களைப் புகையைப் பார்ப்பது போல நாம்தான் பார்த்து அறிய வேண்டும்.

இதனால் நமக்கு என்ன பயன்? "ஒரு நாள் வராவிட்டாலும் வருகைப் படி கிடையாது" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. எல்லா நாளும் வந்தால் படி கட்டாயம் கிடைக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அறிவிப்பு அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்திடுமுன் கேட்டுத் தெளிய வேண்டும். "தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் மேலே படிக்கவில்லை, ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று ஒருவர் சொல்கிறார். முதற்கூற்று உண்மையாகவே இருக்கட்டும். வறுமையும் தொலைவும் காரணமாக இருக்கலாமே! இரண்டாவது அதிலிருந்து வரவில்லை. இதை நம் பிள்ளைகள் வாதிட்டுக் காட்டக் கற்றுக்கொண்டால், அந்தப் பேச்சு அவர்களைக் கட்டிப்போடாது.

இன்று மாலை பிள்ளைகளோடு அமர்ந்து, அந்த 4 நிலைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.