குணத்தை எண்ணத் தொடங்கிய கதை

"உங்கட உண்மையான குணம் என்ன?" எண்டு கேட்கிற சோதனைகளை பேஸ்புக்கில் நாங்கள் பலரும் ஒருக்காவாவது செய்து பார்த்திருப்பம். பம்பலாகத் தெரிகிற இந்த விசயத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கு.

1936இல் அமெரிக்க உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஒட்பர்ட்டும் பெரிய ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திக் காட்டும் சொற்களைப் பொறுக்கினார்கள். 17,953 சொற்கள் தேறின. முக்கியமான குணங்களுக்கெல்லாம் மொழியில் சொல் இருக்கும் என்பதே இதன் அடிப்படை. பின்வந்தவர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் சொற்களைத் தொகுத்து ஐந்து குணங்களாகச் சுருக்கினார்கள்: புதியதில் ஆர்வம், பொறுப்பு, கலகலப்பு, இணங்கிப்போதல், மனப்பதற்றம். 1981இல் லூயிஸ் கோல்ட்பர்க் இவற்றை 'பிக் ஃபைவ்' என்றார்.

அந்தக் காலத்தில் ஒருவரின் குணத்தை அளக்க வேண்டுமென்றால், கேள்வித்தாளை நீட்டி அவரையோ அவரைத் தெரிந்தவர்களையோதான் கேட்க வேண்டும். சமூக ஊடகம் வந்ததும் இது மாறியது. 2007இல் டேவிட் ஸ்டில்வெல் 'மைபெர்சனாலிட்டி' என்ற சோதனையை பேஸ்புக்கில் போட்டார். 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செய்தார்கள். பலர் தங்கள் பக்கத்துத் தரவுகளையும் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அதை வைத்து 2015இல் வந்த ஆய்வு ஒன்றில், 10 லைக் கிடைத்தாலே கூட வேலை செய்பவரைவிடக் கணினி ஒருவரின் குணத்தைச் சரியாக ஊகித்தது. நண்பரை மிஞ்ச 70, குடும்பத்தவரை மிஞ்ச 150, வாழ்க்கைத்துணையை மிஞ்ச 300 அளவில் லைக் தேவைப்பட்டது.

பிறகு நடந்ததுதான் சிக்கல். அலெக்சாண்டர் கோகன் உருவாக்கிய இன்னொரு குணச் சோதனைச் செயலியைச் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர் பாவித்தார்கள். அது அவர்களின் நண்பர்களின் தரவையும் அள்ளியது. 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் பேஸ்புக்கே சொன்னது. தரவு போய்ச் சேர்ந்த இடம், தேர்தல் பிரசாரத்துக்கு வேலை செய்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா நிறுவனம். அதனால் வாக்குகள் மாறினவா என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. லைக்குக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பும் மிதமானதுதான். அது யாருடைய தலையெழுத்தும் இல்லை.

ஆனால் கணக்கை ஒருக்கா போட்டுப் பாருங்க: சோதனை செய்த ஒருவருக்கு, முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் தரவு. அவர்களில் பெரும்பாலானோரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த முறை "அனுமதி" பொத்தானை அழுத்த முதல், அது யாருடைய அனுமதி எண்டு யோசிப்பம்.