செஸ்: வெல்லும் நிலையை வெற்றியாக்க எத்தனை நகர்த்தல்கள் தேவை?

செஸ் ஆட்டத்தில் வெல்லும் நிலையை எட்டிய வீரருக்குக் கடிகாரத்துடன் மற்றொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிப்பாய் எதுவும் நகராமல், காய் எதுவும் வெட்டப்படாமல் இரு தரப்பும் தலா 50 நகர்த்தல்களை முடித்துவிட்டால், ஆட்டத்தை டிராவாக அறிவிக்கக் கோரலாம் என்பது சர்வதேச செஸ் கூட்டமைப்பின் (ஃபிடே) விதியாகும்.

எதிராளியிடம் ராஜா மட்டும் எஞ்சியிருந்தால், பிழையற்ற ஆட்டத்தில் ராணியின் துணையுடன் அதிகபட்சம் 10 நகர்த்தல்களிலும், யானையின் துணையுடன் 16 நகர்த்தல்களிலும் செக்மேட் செய்துவிடலாம். மந்திரியும் குதிரையும் மட்டுமே இருந்தால் 33 நகர்த்தல்கள் வரை தேவைப்படும். மந்திரி நிற்கும் கட்டத்தின் நிறத்தையே கொண்ட மூலைக்கு ராஜாவை விரட்ட வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். வழி தெரியாதவருக்கு எஞ்சும் 17 நகர்த்தல்கள் போதுமானவை அல்ல. 2013-இல் ஜெனீவாவில், அப்போதைய மகளிர் உலக சாம்பியனான உக்ரைனின் அன்னா உஷெனினாவே ரஷியாவின் ஓல்கா கிர்யாவுக்கு எதிராக இந்த நிலையில் வெல்ல இயலாமல் டிரா செய்தார்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு துபையில் 2021 டிசம்பர் 3-ஆம் தேதி நடைபெற்றது. உலக சாம்பியன்ஷிப்பின் 6-ஆவது சுற்றில் மேக்னஸ் கார்ல்சன் யானை, குதிரை, இரு சிப்பாய்களுடன் இயான் நெபோம்னியாச்சியின் ராணியை எதிர்கொண்டார். கணினிக் கணிப்பின்படி அது டிரா ஆக வேண்டிய நிலை. ஆனால், 130-ஆவது நகர்த்தலில் நெபோம்னியாச்சி தவறிழைக்க, 136-ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிவுக்கு வந்தது. சுமார் 7 மணி 45 நிமிடங்கள் நீடித்த அந்த ஆட்டமே உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் மிக நீளமானது.

கணினியின் பொறுமைக்கோ எல்லையில்லை. பலகையில் ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளை மாஸ்கோவின் லோமோனோசோவ் சூப்பர் கம்ப்யூட்டர் 2012-இல் முழுமையாகக் கணக்கிட்டது. அவற்றுள் ஒன்றில் செக்மேட் செய்ய 549 நகர்த்தல்கள் தேவை எனத் தெரியவந்தது. 50 நகர்த்தல் விதி உள்ள போட்டியில் அந்த வெற்றிக்கு வாய்ப்பே இல்லை.

முன்பு சில நிலைகளுக்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டிருந்தது. யானை, மந்திரிக்கு எதிராக யானை மட்டும் உள்ள நிலைக்கு 100 நகர்த்தல்கள் அனுமதிக்கப்பட்ட காலத்தில்தான், 1989-இல் பெல்கிரேடில் நிகோலிச் - அர்சோவிச் ஆட்டம் 269 நகர்த்தல்கள் வரை நீண்டு டிராவில் முடிந்தது. 1992-இல் ஃபிடே அந்தச் சலுகைகளை நீக்கியது.

2014 முதல், எவரும் கோராவிட்டாலும் தலா 75 நகர்த்தல்களுடன் ஆட்டம் தானாகவே டிராவாகிவிடும். அந்தக் கடைசி நகர்த்தல் செக்மேட்டாக அமைந்தால் மட்டும் வெற்றி செல்லுபடியாகும்.