ஷ்கெதென்

ஷ்கெதென்: அட்ரியாட்டிக் கடலின் வடகோடியில், திரியெஸ்தே நகரின் தென்கிழக்கே ஒரு குன்றின்மேல் அமைந்த பழைய ஸ்லோவேனியக் குடியானவர் கிராமம், இன்று இத்தாலியைச் சேர்ந்த அந்நகரின் ஒரு பேட்டை. இத்தாலியர் இதனைச் செர்வோலா என்பர். ஸ்லோவேனிய மொழியில் 'ஸ்கெதென்' என்பது களத்துக் கொட்டகையைக் குறிக்கும் சொல். கதிரும் வைக்கோலும் அடைந்து கிடக்கும் கொட்டகையின் பெயரே ஊரின் பெயராய் நிற்பதைக் காண, தங்கள் செல்வம் எதுவென்று அவ்வூரார் நன்கறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

நகருக்குப் பின்னே எழும் கார்ஸ்ட் பீடபூமி, பெய்த மழையையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே வறண்டு கிடக்கும் சுண்ணாம்புக்கல் பூமி. இக்குன்றோ மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காய் அமைந்தது. ஆதலால் ஈரம் தங்கி, பயிர்த்தொழில் கைகொடுத்தது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து சீறிவரும் போரா என்னும் காற்றே பெரும் உபத்திரவம்.

ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியிலிருந்த திரியெஸ்தே 1719இல் சுதந்திரத் துறைமுகமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, ஜனங்கள் வந்து குவியத் தொடங்கியபோது, அவர்களுக்கு ஆகாரமளிக்கும் பாக்கியம் இக்கிராமத்துக்கு வாய்த்தது. வீட்டில் மாவு பிசைந்து, அடுப்பு மூட்டிச் சுட்ட ரொட்டியைக் கூடைகளில் அடுக்கி நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றவர் இவ்வூர்ப் பெண்டிர். 'க்ருஹ்' என்றால் ரொட்டி. ஆகவே அவர்களுக்குக் 'க்ருஷார்ட்ஸே' என்று பெயர். ஆண்கள் வயலில் ஈட்டியதற்குச் சற்றும் குறையாத கீர்த்தியை இவர்கள் ஊருக்குத் தேடித்தந்தனர் என்பது மிகையன்று.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் குன்றின் அடிவாரக் கடற்கரையில், இன்றைய ஸ்லோவேனியாவில் அடங்கும் கார்னியோலா நாட்டு இரும்புக் கம்பெனி ஒன்று யெஸெனிட்ஸே ஊரின் எஃகு ஆலைக்கு வார்ப்பிரும்பு அனுப்பும்பொருட்டு ஊதுலை நிறுவிற்று. 1897இல் உலை எரியலாயிற்று. அதன்பின் ஏர் பிடித்த கைகள் கரியும் தாதுவும் அள்ளின. கிராமம் தொழிலாளர் பேட்டையாயிற்று.

முதல் உலகப்போருக்குப்பின் இத்தாலியின் வசமான இப்பிரதேசத்தில் ஸ்லோவேனியருக்கு வந்த துன்பம் பெரிது. 1920 ஜூலை 13 அன்று நகரிலிருந்த அவர்களுடைய நாரோத்னி தோம் என்னும் சமூக மாளிகை தீக்கிரையாயிற்று. பாசிச ஆட்சியில் அவர்களுடைய பள்ளிகள் மூடப்பட்டன, குடும்பப் பெயர்கள்கூட இத்தாலிய வடிவுக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1947 முதல் 1954 வரை சுதந்திரப் பிரதேசம் என்ற பெயரில் ஆங்கில, அமெரிக்கப் படைகளின் நிர்வாகத்தில் இருந்துவிட்டு, திரியெஸ்தே மீண்டும் இத்தாலியைச் சேர்ந்தது.

புகையும் தூசியும் பற்றிய குடியிருப்போரின் நெடுங்காலப் புகாருக்குப்பின், 2020இல் ஊதுலை அணைக்கப்பட்டது. ரொட்டிக்காரிகளின் தொழிற்சாமான்களும் ஊர்ப்பெண்டிரின் உடையும், 1975இல் ஏற்பட்ட சிறு கிராமியக் காட்சிசாலையில் பாதுகாக்கப்படுகின்றன.