டெஸ்காஹேயின் கடவுச்சீட்டு

'ஜெனீவா' எண்ட சொல்லைச் செய்திகளில கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே ஒருவருக்கு ஓரிரு நிமிடம் கதைக்கக் கிடைப்பதே எங்களுக்குச் செய்தி. அதுகூடக் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது.

1923இல் டெஸ்காஹே ஜெனீவாவுக்குப் போனார். கனடாவின் ஹோடெனோசோனி மக்களில், கயுகா பிரிவின் தலைவர்களில் ஒருவர் அவர். கொண்டுபோனது கனடாக் கடவுச்சீட்டு இல்லை, தன் மக்களின் சபை கொடுத்த கடவுச்சீட்டு. ஐ.நா.வுக்கு முந்திய சர்வதேச சங்கம் தங்களுக்கும் கனடாவுக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். அயர்லாந்து, பனாமா, பாரசீகம், எஸ்தோனியா ஆகியவை ஆதரவு தந்தன. எல்லாம் சின்ன அல்லது பலம் குறைந்த நாடுகள் என்பதைக் கவனியுங்கோ. பிரித்தானியா இதைக் கனடாவின் உள்விவகாரம் என்றது. அத்தோடு சரி. ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தும் அவர் சபைக்குள் பேசவே இல்லை. அதற்கிடையில், 1924இல், அவரை அனுப்பிய பரம்பரைச் சபையையே கனடா கலைத்துவிட்டது. 1925 ஜூனில் அவர் இறந்துபோனார்.

இண்டைக்கு அப்படி முகத்தில கதவைச் சாத்துவது கஷ்டம். ஜொனாஸ் டால்பெர்க்கும் மூன்று ஆய்வாளர்களும் 1950 முதல் 2010 வரை 50 சர்வதேச அமைப்புகளை ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அரசு அல்லாதவர்களுக்கு அந்தக் கதவுகள் மெல்ல மெல்லத் திறந்ததை அது காட்டுகிறது. ஆனால் மனித உரிமையில் திறந்த அளவுக்குப் பாதுகாப்பு, நிதி விடயங்களில் திறக்கவில்லை. முடிவெடுக்கும் மேசைக்குக் கிட்டப் போகப் போக இடம் குறையுது.

2002இல் முதன்முறை கூடிய ஐ.நா.வின் பூர்வகுடிகள் நிரந்தர மன்றத்தில் 16 கதிரைகள். எட்டுப் பேரை அரசுகள் முன்மொழியும், மற்ற எட்டுப் பேர் பூர்வகுடி அமைப்புகள் வழியாக வருவார்கள். மன்றம் செய்வது ஆலோசனை சொல்வது. இது சும்மா கண்துடைப்பு எண்டு தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. டெஸ்காஹேக்கு அந்தக் கதிரையே பெரிய விசயமாக இருந்திருக்கும்.

ஆனால் அவர் கதிரை கேட்டுப் போகவில்லையே. ஒரு தேசமாகப் போனார். 'எல்லாரையும் உள்ளடக்குவோம்' என்ற இன்றைய நெறி அவரை அக்கறையுள்ள தரப்புகளில் ஒன்றாக உள்ளே கூப்பிடும். அவர் கேட்ட கேள்வி வாசலிலேயே நிற்கும்.

2007இல் பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் 144 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்த நான்கு நாடுகளில் கனடா ஒன்று, பிரித்தானியா ஆதரித்தது. மூன்று வருடம் கழித்து, 2010இல், இங்கிலாந்தில் நடந்த உலக லக்ரோஸ் போட்டிக்கு ஹோடெனோசோனி அணி போக முடியவில்லை. அவர்களுடைய கடவுச்சீட்டைப் பிரித்தானியா ஏற்கவில்லை.