நிர்வாகி மறைச்சொல் வினவல்

கணினியின் அமைப்பையே மாற்றக்கூடிய கட்டளையை நிறைவேற்றுமுன், அதை இடுபவர் யாரென்று கணினி கேட்டு உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் கடவுச்சொல் எனப்படுவதைச் சிங்கப்பூரில் மறைச்சொல் என்பார்கள்.

லினக்ஸ், மேக் கணினிகளில் இதைச் செய்வது ‘சூடோ’. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இது கேட்பது ‘ரூட்’ எனும் தலைமைக் கணக்கின் மறைச்சொல்லை அல்ல, கட்டளையிடுபவரின் சொந்த மறைச்சொல்லை. அதனால் தலைமைச் சாவியைப் பத்துப் பேரிடம் கொடுத்துவைக்க வேண்டியதில்லை. யார் என்ன செய்தார் என்பதும் பதிவாகும். தட்டும்போது திரையில் வழக்கமாக ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று புதியவர்கள் திகைப்பது இங்கேதான்.

கேட்கும் முறையை ‘சூடோயர்ஸ்’ என்ற கோப்பு தீர்மானிக்கிறது. ஒருமுறை சரியாகச் சொன்னால் 5 நிமிடத்துக்கு மறுபடி கேட்காது. உபுண்டு எனும் லினக்ஸ் வகையில் 15 நிமிடம். அந்த எண்ணை 0 ஆக்கினால் ஒவ்வொரு கட்டளைக்கும் கேட்கும். கேள்வியே வேண்டாம் என்றும் எழுதிவைக்கலாம். நள்ளிரவில் தானே ஓடும் காப்புநகல் வேலைக்கு அது தேவை. ஆனால் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் திறந்துவிடுவது வெறும் சோம்பல். கோப்பை ‘விசூடோ’ வழியாகத் திருத்தினால், எழுதிய முறையில் பிழை இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேமிக்கும்.

விண்டோஸில் நிர்வாகிக் கணக்கில் இருப்பவரிடம் பொதுவாக ‘ஆம்’ என்ற ஒரு சொடுக்கே கேட்கப்படும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடம்தான் நிர்வாகியின் மறைச்சொல் கேட்கப்படும். சிராங்கூன் சாலைக் கடையில் முதலாளியும் உதவியாளர்களும் ஒரே கணினியைப் பயன்படுத்தினால், உதவியாளர்களுக்குச் சாதாரணக் கணக்கே போதும்.

சிங்கப்பூரில் நிர்வாகி மறைச்சொல் பற்றிய பேச்சு பெரிதானது, மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் கணினிகளில் நடந்த ஊடுருவலால். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரமும் அதில் அடக்கம். 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையின்படி, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை சர்வர் ஒன்றின் நிர்வாகிக் கணக்குக்கு ‘பாஸ்வேர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லே மறைச்சொல்லாக இருந்தது. ‘ஏ’க்குப் பதில் @, ‘ஓ’வுக்குப் பதில் 0, அவ்வளவுதான். நிர்வாகிகளுக்கு இரட்டை அடையாளச் சோதனையும் இருந்தது. ஆனால் அது கேட்கப்படாத வேறு வழிகளிலும் உள்ளே நுழைய முடிந்தது.

வங்கிகளுக்கும் பிற நிதி நிறுவனங்களுக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் பிறப்பித்த விதி 2020 ஆகஸ்ட் 6 அன்று நடப்புக்கு வந்தது. முக்கியக் கணினிகளின் நிர்வாகிக் கணக்குகளில் நுழைய, மறைச்சொல்லோடு இன்னொரு சான்றும் கட்டாயம்.