வடிகாற் சுவரில் எழுதப்பட்ட வரலாறு

மெக்சிக்கோவின் பெரும் சுவரோவியர்களில் ஒருவரான டேவிட் அல்பாரோ சிக்கெய்ரோஸ், அரசியற் காரணங்களால் நாட்டைவிட்டு வெளியேறி 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தங்கியிருந்தார். ஒல்வேரா வீதியிலுள்ள ஒரு கட்டடத்தின் மேற்சுவரில் ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்ற பொருளில் ஓவியம் ஒன்று வரைந்து தரும்படி அவரைக் கேட்டார்கள். கேட்டவர்களின் மனதில் இருந்தவை பனைகளும் பழங்களும் கிளிகளுமாக இருந்திருக்கும். அவர் வரைந்தது சிலுவையில் அறையப்பட்ட ஒரு பூர்வகுடி மனிதனை. அவன் தலைக்கு மேலே அமெரிக்கக் கழுகு. வீதியிலிருந்து தெரிந்த பகுதிக்கு முதலில் வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் மிகுதிக்கும் அடித்து முடித்தார்கள். 1960களின் இறுதியில் வெயிலில் அந்த வெள்ளை உரியத் தொடங்கியபோது, மறைக்கப்பட்ட மனிதன் மெல்ல மெல்ல மீண்டும் தெரிய ஆரம்பித்தான்.

மெக்சிக்க வழிவந்த அமெரிக்கர்கள் ‘சிகானோ’ என்று தம்மைப் பெருமையோடு அழைத்துக்கொண்டு உரிமை கோரி எழுந்த காலமும் அதுதான். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் ஜூடி பாக்கா. 1946இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். 1970இல், ஒருவரோடொருவர் பகைமை பாராட்டிய தெருக்கும்பல்களைச் சேர்ந்த இளைஞர்களை ஒன்றாகச் சேர்த்து, பூங்கா ஒன்றின் இசைமேடையில் ‘என் பாட்டி’ என்ற ஓவியத்தை வரைய வைத்தார். பின்னர் மாநகரின் சுவரோவியத் திட்டத்துக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்டார். அரச பணம் வந்தால் அரச கண்டிப்பும் கூடவே வரும் என்பது நமக்குப் புதிதல்ல. சர்ச்சைக்குரிய காட்சிகளை அதிகாரிகள் விரும்பவில்லை. எனவே 1976இல், ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், திரைப்பட இயக்குநர் டொனா டைச் ஆகியோருடன் சேர்ந்து பாக்கா தனியான அமைப்பொன்றை நிறுவினார். சமூக, பொதுக்கலை வள நிலையம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்பார்க்’ என்கிறார்கள்; தீப்பொறி என்ற பொருளும் அதற்கு உண்டு. மூவரும் பெண்கள் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். பெரிய சுவர்களில் சாரம் கட்டி ஏறி வரைவது ஆண்களின் தொழில் என்றே அன்று கருதப்பட்டது.

வெனிஸ் பகுதியில் 1929இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட பொலிஸ் நிலையம் 1977இல் இந்த நிலையத்தின் இருப்பிடமாயிற்று. கைதிகளை அடைத்த கூடங்கள் அந்தக் கட்டடத்தில் அப்படியே இருந்தன. அந்நகரின் சிறுபான்மை இளைஞர்களுக்குப் பொலிஸ் நிலையம் என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள், அங்கே ஓவியக் காட்சி வைத்ததன் கனத்தையும் அறிவார்கள்.

நிலையத்தின் பெயரை உலகறியச் செய்தது ‘லொஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர்’. 1938இன் பெருவெள்ளத்தின் பின்னர் அந்நகரத்து ஆற்றையும் அதன் கிளைகளையும் பொறியியலாளர்கள் கொங்கிறீற்றால் கட்டி வடிகால்களாக்கினர். அவற்றில் ஒன்றான டுஹுங்கா வாய்க்காலை அழகுபடுத்தும் யோசனையுடன் இராணுவப் பொறியியற் பிரிவு 1974இல் பாக்காவை அணுகியது. செடி நட்டுப் பூச்சூட்டும் வேலைகளோடு ஒரு படமும் இருக்கட்டும் என்பதே அவர்களின் எண்ணம். பாக்காவோ, கொங்கிறீற் பூசிய ஆற்றை நிலத்தின் உடம்பில் விழுந்த தழும்பாகக் கண்டார். அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்துவதாகவே தன் ஓவியத்தைச் சொன்னார்.

1976 கோடையில் 80 இளைஞர்கள் வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். அவர்களில் பலர் சிறுவர் நீதித்துறையின் வழியாக வந்தவர்கள். கூலி கொடுத்தே வேலை வாங்கப்பட்டது. வரலாற்றறிஞர்கள் வந்து பேசினர்; முதியோரிடம் கேட்டறிந்த கதைகளும் காட்சிகளாயின. மழைக்காலத்தில் வாய்க்காலில் வெள்ளம் பாயும் என்பதால் கோடையில் மட்டுமே வேலை. அந்த முதற் கோடையிலேயே 1,000 அடி முடிந்தது. பிறகு 1978, 1980, 1981, 1983 ஆகிய கோடைகளில் 1920களிலிருந்து 1950கள் வரை, கோடைக்கு ஒரு பத்தாண்டாக வரைந்தார்கள். மொத்தம் 2,754 அடி. 400க்கும் மேற்பட்ட இளைஞர்களும் அவர்தம் குடும்பத்தினரும் பங்குகொண்டனர்.

அச்சுவரில் எழுதப்பட்டவை எவை? பாடநூல்கள் விரைந்து கடந்துபோன பக்கங்கள். 1781இல் நகரை நிறுவியோரில் பெரும்பாலோர் ஆபிரிக்க, பூர்வகுடி, கலப்பினக் குடும்பத்தவர் என்ற செய்தி. புகையிரதப் பாதை போட்ட சீனத் தொழிலாளர். 1930களின் பஞ்சத்தில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்ட பல இலட்சம் மெக்சிக்க வழியினர். அவர்களுள் பெரும்பகுதியினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 1942இல் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட ஜப்பானிய வழியினர். 1943இல் கடற்படையினர் தெருவில் இழுத்து அடித்து உடை களைந்த சிகானோ இளைஞர்கள். சாவேஸ் ராவின் குடியிருப்பு வெறுமையாக்கப்பட்ட இடத்தில், வேற்றுலகப் பறக்கும் தட்டைப்போல பேஸ்போல் மைதானம் வந்திறங்கும் காட்சியே எனக்கு மிகவும் பிடித்தது. அதனருகே நெடுஞ்சாலைகள் பாம்புகளாய்ச் சுற்றி ஒரு குடும்பத்தைப் பிரிக்கின்றன. முள்வேலி, குடியெழுப்புதல் என்ற சொற்களைச் சொந்த அனுபவத்தில் அறிந்த நமக்கு இவற்றைப் பார்க்க விளக்கவுரை தேவையில்லை.

ஓவியம் என்ற முறையில் சுவர் முழுவதும் ஒரே தரமல்ல. முதல் 1,000 அடியைப் பல ஓவியர்கள் ஆளுக்கொரு பகுதியாக வடிவமைத்ததால் அது துண்டு துண்டாகத் தோன்றுகிறது. 1977இல் பாக்கா மெக்சிக்கோ சென்று, சிக்கெய்ரோஸ் விட்டுச்சென்ற பட்டறையில் பயின்று திரும்பிய பின்னரே ஒரு காட்சி அடுத்ததற்குள் ஆறுபோலப் பாய்கிறது. கலைத்திறன் கூடியது, அதேவேளை தனியொருவரின் கை ஓங்கியது என்றும் சொல்லலாம். கூட்டுக்கலையின் நெடுநாட் சிக்கல் இது.

1988இல், மேயர் டொம் பிராட்லியின் காலத்தில் தொடங்கிய அயலகச் சுவரோவியத் திட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட சுவர்களை நிலையம் வரைவித்தது. காட்சிக்கூடங்களின் கதவு திறக்காத பல ஓவியர்களுக்கு அதுவே முதற்சுவர். ஆயின் வரைவதைவிடக் காப்பது கடினம். விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளின் விளைவாக, 2002 முதல் 2013 வரை தனியார் கட்டடங்களில் புதிய சுவரோவியம் வரைவதே அந்நகரில் தடைசெய்யப்பட்டிருந்தது! 1984 ஒலிம்பிக்குக்காக நெடுஞ்சாலையோரம் பாக்கா வரைந்த, ஓட்டப்பந்தயத்தில் முந்தும் பெண்ணின் ஓவியம் 2019இல் வர்ணம் பூசி மறைக்கப்பட்டது.

பெருஞ்சுவர் 2011இல் புதுப்பிக்கப்பட்டது. சிறுவராய் அதில் வரைந்தவர்களில் சிலர் நடுவயதில் மீண்டும் தூரிகை பிடித்தனர். 2012இல் ஒல்வேரா வீதியின் பழைய ஓவியமும் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. 2017இல் பெருஞ்சுவர் தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2021இல் மெலன் அறக்கட்டளை 50 இலட்சம் டொலர் வழங்கியதையடுத்து, 1960கள் முதலான காட்சிகளை வரையும் வேலை தொடங்கியது. 2023இல் அவற்றின் ஒரு பகுதியை நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தினுள்ளேயே, பார்வையாளர் கண்முன்னே வைத்து வரைந்தார்கள்.